குடும்ப வன்முறையும் வாடகை ஒப்பந்தமும் (காரைக்கால்)

கணவனின் அடி உதைக்குத் தப்பி வாடகை வீட்டை விட்டு வெளியேறும் பெண், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வாடகைப் பொறுப்பிலிருந்து விடுபடலாமா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2016 முதல் விடுபடலாம். 28 நாள் முன்னறிவிப்பு போதும். இந்தியச் சட்டத்தில் இதற்கு நேரடி விடை இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் காரைக்காலுக்குப் பொருந்தாது. காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கென 1969இல் வந்த கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ, குடியிருப்பவரை வீட்டுக்காரர் எப்போது வெளியேற்றலாம் என்பதைப் பற்றியே பெரும்பாலும் கவலைப்படுகிறது; தானே வெளியேற வேண்டியவளைப் பற்றி அல்ல.

ஆனாலும் விடையின் பாதி, 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பெண் அதே வீட்டில் தங்குவதற்கான சட்டம் என்றே இது பேசப்படுகிறது. 19ஆம் பிரிவைப் படித்தால் வேறொன்றும் தெரியும்: அதே தரத்தில் மாற்று வீடு ஏற்பாடு செய்யவோ அதன் வாடகையைக் கட்டவோ வன்முறை செய்தவனுக்கு நீதித்துறை நடுவர் ஆணையிடலாம், வாடகை முதலியவற்றைச் செலுத்தும் பொறுப்பையும் அவன்மீது சுமத்தலாம். அவள் வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் உறவினர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கினாலும் அந்தப் பகுதி நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். ஆணை நாடு முழுதும் செல்லும் (பிரிவு 27). கடலோரம் தவிரச் சுற்றிலும் தமிழ்நாடு சூழ்ந்த காரைக்காலுக்கு இது சிறிய வசதியல்ல. ஒப்பந்தத்தில் கணவன் மட்டும் கையெழுத்திட்டிருந்தால் வாடகைக் கடன் பொதுவாக அவனுடையதே. அங்கே ஆபத்து தலைகீழானது: அவளைத் தெருவில் நிறுத்தவே அவன் வீட்டைக் காலி செய்யலாம். நடுவரின் அனுமதியின்றி வீட்டு உரிமையைக் கைவிடக் கூடாது என்று தடை கேட்க 19ஆம் பிரிவிலேயே இடமுண்டு.

சிக்கல், அவளே கையெழுத்திட்டிருந்தால்தான். நடுவரின் ஆணை கணவனைக் கட்டுமே தவிர வீட்டுக்காரரைக் கட்டாது. மாதவாடகை என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 15 நாள் அறிவிப்பில் கணக்கு முடியும் (சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 106). பதினொரு மாத ஒப்பந்தமாக இருந்து, 6,000 ரூபாய் வாடகை வீட்டை நான்காம் மாத முடிவில் விடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 42,000 ரூபாயையும் வீட்டுக்காரர் கேட்டால்? ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, நட்டத்தைக் குறைக்க அவருக்கிருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அடுத்த குடித்தனம் வந்தபின் அவருக்கு நட்டம் ஏது? இடைப்பட்ட மாத வாடகையை முன்பணத்தில் கழிப்பது நியாயம், முழு முன்பணத்தையும் விழுங்குவது நியாயமல்ல. இங்கும் முன்கூட்டியே விடுபடும் சலுகை தந்தால் பொய்ப் புகார் பெருகும் என்பார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலர் பதியும் குடும்ப நிகழ்வு அறிக்கையைச் சான்றாகக் கேட்டால் அந்த அச்சத்துக்கு இடம் குறையும். அந்தப் படிவம் ஏற்கெனவே இருக்கிறது, அதை வாடகைச் சட்டத்தோடு இணைக்கும் ஒரு பிரிவுதான் இல்லை.