பேசத் தொடங்கிய திரை யாரைக் கைவிட்டது?

1913 மே 3 அன்று பம்பாயின் கொரனேஷன் திரையரங்கில் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. அக்கால மௌனப் படங்களில் கதையையும் உரையாடலையும் காட்சிகளுக்கு இடையே தோன்றிய எழுத்து அட்டைகள் உணர்த்தின. பல படங்களில் அவை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அமைந்தன. எழுத்தறியாதோர்க்காக அவற்றை உரக்கப் படித்துக் காட்சியை விளக்கும் விவரிப்பாளர்களும் அரங்குகளில் இருந்தனர்.

இவை மாற்றுத்திறனாளிகளை எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் அல்ல. ஆயினும் எழுதப் படிக்கத் தெரிந்த செவித்திறனற்றவர், பிறர் அறிந்த அளவு கதையைத் தாமும் அறிய அட்டைகள் உதவின. பார்வையற்றவர்க்கு விவரிப்பாளரின் குரல் துணையாகும் வாய்ப்பு இருந்தது. செவித்திறனற்றோர்க்கான பள்ளி 1880களிலேயே தோன்றிவிட்ட பம்பாயில், இத்தகைய பார்வையாளர் வெறும் கற்பனை அல்லர்.

1931 மார்ச் 14 அன்று மெஜஸ்டிக் அரங்கில் 'ஆலம் ஆரா' வெளியானது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளிவந்த 'காளிதா'ஸும் பம்பாயின் இம்பீரியல் நிறுவனம் தயாரித்ததே. தமிழ்த் திரை பேசக் கற்றுக்கொண்ட ஊர் பம்பாய் எனலாம். ஒலி வந்தபின் அட்டைகளும் விவரிப்பாளர்களும் மறைந்தனர். பெரும்பான்மையினர்க்கு வளர்ச்சியாக அமைந்த அம்மாற்றம், செவித்திறனற்றோர்க்கும் பார்வையற்றோர்க்கும் இழப்பாயிற்று. முதுமையில் செவி மங்கியோரும் இவ்விழப்பில் பங்காளிகள். மாதுங்காவின் அரோரா போன்ற அரங்குகள் தமிழ்ப் படங்களைத் திரையிட்டு மும்பைத் தமிழர்களை ஒன்றுகூட்டிய காலத்திலும் இந்நிலை மாறவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மின்னணு ஊடகங்களில் ஒலிவிவரணை, சைகைமொழி, வசனவரி ஆகியவற்றை உறுதிசெய்யும் கடமையை அரசின்மேல் சுமத்தியது. 2023 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம், 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டில் ஒலிவிவரணையும் வசனவரியும் இடம்பெற வேண்டுமெனப் பணித்தது. 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்கள் ஆறு மாதங்களுக்குள் இவ்வசதிகளை வழங்கத் தொடங்க வேண்டுமென அவை வகுத்தன.

இங்கே மொழியியல் சார்ந்த வினா ஒன்று எழுகிறது: வசனவரி எந்த எழுத்தில் அமைய வேண்டும்? தாராவியிலோ செம்பூரிலோ வளர்ந்து, மராத்தியிலோ இந்தியிலோ கல்வி கற்ற செவித்திறனற்ற தமிழர்க்குத் தமிழ் வசனவரி மற்றுமொரு மூடிய கதவே. வீட்டு மொழி தமிழாயினும், அவர் படிக்கும் மொழி வேறு. மாறாக, பார்வையற்ற தமிழர்க்குத் தேவைப்படுவது காதுக்குப் பழகிய தமிழ் விவரணையே. ஒரே குடும்பத்தில், ஒரே படத்துக்கு, இருவர்க்கும் இருவேறு மொழிகள் வேண்டப்படலாம்.

ஒரே திரையில் பல எழுத்துகள் தேவை என்பதைப் பம்பாயின் மௌனப்படக் காலம் வணிகத் தேவையால் உணர்ந்திருந்தது. இன்று அது உரிமையின் பெயரால் உணரப்பட வேண்டியுள்ளது. அணுகல் வசதி உண்டா என்ற கேள்வியோடு, எம்மொழியில், யாருக்கு என்ற கேள்வியும் சேரும்போதே 1931இல் இழந்தவை மீளும்.