தேயாத மூட்டைத் தேடி: ஒரு தோல்வியின் வரலாறு

“இது எவ்வளவு காலத்துக்குத் தேயாம நிக்கும் மகன்?”

இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று உம்மா கேட்ட கேள்வி இது. தமிழ் படித்த என்னிடம் பதில் இருக்கவில்லை. விடை தேடி வாசித்தபோதுதான், அந்த மூட்டுக்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தோல்வியின் வரலாறு இருப்பது தெரிந்தது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி (1911–1982). அவரை இந்த ஆய்வுக்குள் இழுத்தது ஒரு கிரீச்சொலி. அக்ரிலிக் தலை பொருத்தப்பட்ட ஒரு நோயாளி அசையும்போதெல்லாம் அவரது இடுப்பு சத்தமிட்டது. மனைவிகூட பக்கத்தில் இருக்க விரும்பவில்லையாம். உராய்வு கூடியதன் அடையாளமாகவே சார்ன்லி அதைக் கண்டார். உராய்வு கூடினால் பொருத்திய பகுதி என்பிலிருந்து தளர்ந்துவிடும். எனவே வழுக்கும் பொருளொன்றைத் தேடினார்.

அது ஏற்கெனவே இருந்தது. 1938இல் அமெரிக்காவில் ரோய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த டெப்லோன்தான் அது. நம் வீட்டு ஒட்டாத சட்டிகளில் பூசப்படும் அதே பல்பகுதியம். 1950களின் இறுதியிலிருந்து ரைட்டிங்டன் வைத்தியசாலையில் சுமார் 300 பேருக்கு சார்ன்லி டெப்லோன் மூட்டுகளைப் பொருத்தினார். வலியால் முடங்கியிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

சந்தோஷம் சில வருடங்களே நீடித்தது. டெப்லோன் வழுக்கும்தான், ஆனால் தேய்ந்துகொண்டே போகும். உராய்வு குறைவு என்றால் தேய்மானமும் குறைவு என்று நாம் நினைப்போம். இரண்டும் வேறு வேறு. கிண்ணத்தில் உலோகத் தலை குழி பறித்தது. உதிர்ந்த தூள் சுற்றியிருந்த இழையங்களில் சேர்ந்து பாற்கட்டி போலத் திரண்டது, என்பும் அரிக்கப்பட்டது.

பொறியியலாளர்களிடம் இதற்கு ஒரு மருந்து இருந்தது. அதுதான் நிரப்பி. கண்ணாடி நார், வெண்கலத் தூள், காபன் போன்ற கடினமான துணிக்கைகளை டெப்லோனுக்குள் கலந்தால் தேய்மானம் நூறு மடங்குக்கு மேலும் குறையலாம். துணிக்கைகள் பாரத்தைத் தாங்குகின்றன. டெப்லோன் பெரிய தகடுகளாக உரிவதைத் தடுக்கின்றன. எதிரே உரசும் உலோகத்தில் மெல்லிய டெப்லோன் படலம் ஒன்று ஒட்டிக்கொள்ள, அதன் பிறகு டெப்லோன் டெப்லோனிலேயே உரசுகிறது. எண்ணெய் இடாமல் ஓடும் பல தாங்கிகள் இன்றும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

சார்ன்லியும் கனிம நிரப்பி கலந்த டெப்லோனைச் சோதித்தார். ஆய்வுகூடத்தில் அது வெறும் டெப்லோனைவிட 20 மடங்கு குறைவாகவே தேய்ந்தது. நம்பிக்கையோடு நோயாளிகளுக்குப் பொருத்தினார். உடலுக்குள் போனதும் கதை மாறிவிட்டது. மேற்பரப்பு பசைபோலக் குழைந்தது. தேய்மானம் பழைய அளவுக்கே திரும்பியது. போதாக்குறைக்கு, காக்க வந்த துணிக்கைகள் அரத்தாள் போல உலோகத் தலையையும் உராய்ந்தன. உலர்ந்த காற்றில் உருவாகும் பாதுகாப்புப் படலம் ஈரத்தில் சரியாக ஒட்டுவதில்லை. உடலோ முழுக்க ஈரம்.

பிறகு அவர் செய்த காரியம் என்னைக் கலங்க வைத்தது. டெப்லோனையும் பொலிஎதிலீனையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒன்பது மாதங்களின் பின் டெப்லோன் இருந்த இடங்கள் கட்டிகளாக வீங்கியிருந்தன. பொலிஎதிலீன் கைக்குத் தட்டுப்படவே இல்லை. இதை 1963இல் லான்செட் மருத்துவ இதழில் பகிரங்கமாக எழுதினார்.

அந்தப் பொலிஎதிலீன் வந்த வழியும் சுவையானது. 1962 மே மாதம், நெசவு இயந்திரங்களுக்கான பிளாஸ்டிக் பற்சில்லு விற்க ஒரு வியாபாரி வந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, உதவாது என்று போய்விட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹரி கிரேவன் சும்மா இருக்கவில்லை. இயந்திரத்தில் போட்டு ஓட விட்டார். இரவு பகலாக மூன்று வாரம் ஓடியும், டெப்லோன் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே முதல் பொலிஎதிலீன் கிண்ணம் பொருத்தப்பட்டது. 1977இல் சார்ன்லிக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. கிரேவனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாடம் அத்தோடு முடியவில்லை. 1970களில் பொலிஎதிலீனுக்குள் காபன் நார் கலந்து வலுவூட்ட முயன்றார்கள். ஆய்வுகூட முடிவுகள் இம்முறையும் நன்றாகவே இருந்தன. ஆனால் நார் பொலிஎதிலீனோடு சரியாகப் பிணையவில்லை. உடலுக்குள் வெடிப்புகள் விழுந்தன, கருந்துகள்கள் உதிர்ந்தன. அந்த மூட்டுகளும் கைவிடப்பட்டன. 1990களின் இறுதியில் பலன் தந்த வழி வேறு: எதையும் கலக்காமல், கதிர்வீச்சினால் பொலிஎதிலீன் சங்கிலிகளையே ஒன்றோடொன்று குறுக்கே பிணைப்பது.

வலுவூட்டும் பொருள் எங்கும் வலுவூட்டாது. எந்த இடத்தில், எந்த ஈரத்தில், எதன் மேல் உரசுகிறது என்பதே தேய்மானத்தைத் தீர்மானிக்கிறது. அந்த உண்மைக்கு விலை கொடுத்தவர்கள், இரண்டாம் முறையும் சத்திரசிகிச்சைக்குப் படுத்த பெயர் தெரியாத நோயாளிகள். வெற்றியைப் படிப்பிக்கும் நம் பாடநூல்கள் அவர்களையும் ஒரு வரியில் நினைக்கலாம்.

உம்மா இப்போது கதிரையில் இருந்து தொழுகிறார். அவருக்கு என் பதில் இவ்வளவுதான்: “தேயும் உம்மா. ஆனா மெல்ல மெல்லத்தான். நீங்க பயப்படாம நடங்க.”