பெயருக்குச் சாட்சி யார்?

சுங்கைப்பட்டாணியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். கடப்பிதழ், அதில் ஒட்டிய வேலை பெர்மிட், கம்பெனி கொடுத்த கடிதம், மூன்றும் கையில் இருந்தன. ஆனாலும் கணக்குத் திறக்க மூன்று நடை ஆனது. சிக்கல் என் பெயரில்தான். முசிறிக்காரனான நான் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கையெழுத்திட்டுப் பழகியவன். கடப்பிதழில் அந்த எழுத்து விரிந்து முழுப் பெயராகிக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. கம்பெனிக் கடிதத்தில் வெறும் இனிஷியல்.

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணே, இதுல எது உங்க பேரு, எது அப்பா பேரு? எங்களுக்குன்னா நடுவுல ‘ஏ எல்’ போட்டிருக்கும், பாத்தவுடனே தெரிஞ்சிரும்” என்றார். ‘ஆனாக் லெலாக்கி’ என்ற மலாய்ச் சொல்லின் சுருக்கம் அது. இன்னாரின் மகன் என்று பொருள். மகளுக்கு ‘ஏ பி’. “கம்பெனியில வேற சூராட் வாங்கிட்டு வாங்கண்ணே. ஒரு எழுத்து மாறக்கூடாது.” சூராட் என்றால் கடிதம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நடையில் கணக்கு கிடைத்தது. அன்று மாலை, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பெரியவரிடம் அலுத்துக்கொண்டேன். எழுபதைத் தாண்டியவர். பீடோங் பக்கத் தோட்டத்தில் பிறந்து, மரம் வெட்டி, பிறகு லாரி ஓட்டியவர். இங்கே மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தில் பால் எடுப்பது. அவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். “மூணு நடைதானே தம்பி? அந்தம்மாவுக்கு இன்னும் ஆகல.”

அவருடைய மனைவி முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர். லயத்தில் பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. அதனால் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாததால் வங்கிக் கணக்கும் இல்லை. அவர் சம்பாதித்ததெல்லாம் கணவர் பெயரில் கிடக்கிறது. வந்து இரண்டே வாரமான வெளிநாட்டுக்காரனுக்குக் கிடைத்தது, பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவருக்குக் கிடைக்கவில்லை. கெடாவில் தமிழரின் பணம் யார் கையில், யாருடைய வாக்கை நம்பி இருந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

*

1909இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தது கெடா. ரப்பர் விலை ஏறிய காலம். தென்கெடாவில் பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் என்று காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. ஆள் பிடித்து வந்தவர் கங்காணி. அவருக்குத் தன் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் ‘தலைக்காசு’ உண்டு. கூலியாளின் பெயர் முதன்முதலில் எழுதப்பட்டது கிராணியின் செக்ரோலில். அவர் காதில் எப்படி விழுந்ததோ அதுதான் பெயர். ஊரில் கருப்பாயியாக இருந்தவர் இங்கே என்னவாக ஆனார் என்பதை கிராணியின் பேனா தீர்மானித்தது.

வங்கிகள் இல்லாமல் இல்லை. பினாங்கில் சார்ட்டர்ட் வங்கி 1875இலேயே வந்துவிட்டது. நீரிணைக் குடியேற்றங்களில் 1877இல் தபாலாபீஸ் சேமிப்பு வங்கி தொடங்கியது. ஆனால் பெரிய வங்கியில் கணக்கு வைத்திருந்தது தோட்டக் கம்பெனி. சம்பள நாளில் துரை நகரத்திலிருந்து பணம் கொண்டுவந்து பட்டுவாடா செய்வார். விடிகாலையில் பெரட்டுக்குப் போய், மத்தியானம் வரை பாலோடு மல்லுக்கட்டும் ஒருவர், தபாலாபீஸ் திறந்திருக்கும் நேரத்தில் நகரத்துக்குப் போய்ப் படிவம் நிரப்புவது எப்படி? பணம் கங்காணியிடமோ கடைக்காரரிடமோ தங்கியது. மீதியைக் கள்ளுக்கடை பார்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்ததை ஒழுக்கப் பிரச்சாரமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கூலி லயத்துக்கு வந்து சேர வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இருந்தது.

தமிழர்களிடமே இன்னொரு நிதி உலகமும் இருந்தது. பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒரே கூடத்தில் பல தொழில்காரர்கள், ஆளுக்கொரு பெட்டியடி. இரண்டு மூன்று எழுத்துகளாலான விலாசம் இருந்தால் போதும், பினாங்கில் எழுதிய உண்டிக்கு வேறு துறைமுகத்தில் பணம் கிடைக்கும். அங்கே அட்டையும் படிவமும் வேண்டாம். எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகன் என்பதே சாட்சி. அந்த உலகத்திலிருந்துதான் 1937 பிப்ரவரியில் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறந்தது. காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளைகள். சீக்கிரமே பினாங்கிலும் வந்தது. கடல் தாண்டிய தமிழனின் பணத்துக்காகவே ஒரு வங்கி என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் தோட்டத்துக் கூலிக்கு விலாசம் கிடையாது. நகரத்தாரின் சாட்சி நகரத்தாருக்குத்தான் செல்லும். கங்காணியைத் தாண்டி அவருக்காக யாரும் வாய் திறக்கப் போவதில்லை.

கையில் ரொக்கமாக வைத்திருந்ததையும் ஜப்பான்காரன் காலம் தின்றது. வாழைமரப் படம் போட்ட 10 வெள்ளி நோட்டு புழங்கியது. 1943இல் ஜப்பான் கெடாவைச் சயாமிடம் கொடுத்தது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண ரயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்த நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெரியவர் சொன்னார்: “எங்கப்பா ஒரு தகர டப்பா நெறய வச்சிருந்தாரு. நாங்க அத வச்சுக் கட விளையாட்டு விளையாடுவோம்.”

*

தோட்டத்துத் தமிழர் பலருக்குச் சொந்தப் பெயரில் கிடைத்த முதல் கணக்கு வங்கியிலிருந்து வரவில்லை. 1951இல் சட்டமான ஊழியர் சேமநிதியிலிருந்து வந்தது. தொழிலாளி கூலியில் 5 விழுக்காடு, முதலாளி பங்கு 5 விழுக்காடு. வங்கி வாசலை மிதிக்காதவருக்கும் ஓர் எண், ஒரு இருப்பு. கங்காணியோ கடைக்காரரோ தொட முடியாத பணம்.

இரண்டாவது, 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். ஐரோப்பியர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்க, லயத்திலிருந்தவர்கள் வேலையும் வீடும் இழந்த காலம். மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்குங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். கூலிக்காரர் பங்குதாரர் ஆனார். அந்தப் பங்குச் சீட்டில் அவருக்குச் சாட்சி அவரைப் போன்ற இன்னொரு கூலிக்காரர்.

ஆனால் அதற்குள் வேறொரு சாட்சி வந்துவிட்டது: அடையாள அட்டையின் நிறம். அட்டை 1948இல் அவசரகாலத்தோடு வந்தது. பின்னாளில் குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு என்றானது. 1957 ஆகஸ்ட் 31க்கு முன் பிறந்தவர்களில் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே போகாதவர்களுக்கு விண்ணப்பத்தின் அவசரம் யார் சொல்லி விளங்கும்? 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சேமநிதியை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். பலர் பிறந்தது மலாயாவில். இறங்கிய நாகப்பட்டினமும் சென்னையும் அவர்களுக்குத்தான் வெளிநாடு.

வங்கிக்கும் குடியுரிமைச் சிக்கல் வந்தது. இந்தியா 1969இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. வேறு நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே நடக்கக் கூடாது என்பது அன்றைய மலேசியச் சட்டம். இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன், யுனைடெட் கமர்ஷியல் மூன்றின் மலேசியக் கிளைகளும் 1973இல் யுனைடெட் ஏஷியன் வங்கி என்ற உள்ளூர் வங்கியாயின. பெயரை மாற்றிக்கொண்டு வங்கி இங்கேயே தங்க முடிந்தது. அட்டை இல்லாத மனுசிக்கு அந்த வழி திறக்கவில்லை.

*

இதே கெடாவை நாம் கடாரம் என்று பாடத்தில் படித்தோம். வென்ற கதை மட்டும் நினைவில் நிற்கிறது. அதற்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பினான், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தின் வருவாயை எழுதிக்கொடுத்தான். ஆனைமங்கலச் செப்பேடு அதைச் சொல்கிறது. அயலான் ஒருவன் பெயரில் ஒரு ஊரின் வருவாயையே பதிந்து, செப்பில் வெட்டியும் கொடுக்க நம் ஊரில் முடிந்திருக்கிறது. அயலான் அரசனாக இருந்தான், அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். என் கணக்கு என் சாமர்த்தியத்தால் திறக்கவில்லை. எனக்காக ஒரு அரசாங்கம் கடப்பிதழ் அச்சடித்திருந்தது, ஒரு கம்பெனி சூராட் எழுதியது. எழுத்து மாறினாலும் திருத்திக்கொடுக்க ஆள் இருந்தது. அந்தம்மாவுக்குத் திருத்தவும் ஒரு தாள் இல்லை. பெரியவரும் பிள்ளைகளும் பதிவிலாகாவுக்கு நடந்தபடி இருக்கிறார்கள். பிறந்த தோட்டத்தின் செக்ரோல் வேண்டும், பிரசவம் பார்த்தவர் சாட்சி சொல்ல வேண்டும். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மருத்துவச்சி செத்து இருபது வருடம்.

போன மாதம் வாடகையை நெட் பேங்கிங்கில் அனுப்பட்டுமா என்று பெரியவரிடம் கேட்டேன். “வேண்டாம் தம்பி. காசாவே குடு, அந்தம்மா கையில குடு” என்றார். கொடுத்தேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி, சாமி மாடத்துக்குப் பின்னாலிருந்த மைலோ டின்னில் போட்டு மூடினார்.