வைத்தியர் எழுதும் கடிதம்

பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து பதுளை போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் நோயாளி, தமது நோயின் வரலாற்றை ஒரு கடிதத்திலேயே சுமந்து வருகிறார். அது தெளிவற்றிருப்பின் விசேட வைத்திய நிபுணர் முதலிலிருந்தே தொடங்க நேரிடும். ஒருநாட் சம்பளத்தை இழந்து வந்தவர் மற்றொரு நாளையும் இழப்பார். மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலும் தொழிலாளியின் பேச்சு தமிழிலும் அமைந்துள்ள நாட்டில், அக்கடிதமே அவரது குரலாகும்.

நல்ல கடிதம், நிபுணரிடம் எதைக் கேட்கிறோம், எவ்வளவு அவசரம் என்பவற்றை முதல் வரியிலேயே கூறும். "பார்த்து ஆவன செய்க" என்பது கேள்வியாகாது. நோய்க்குறி தோன்றிய காலம், பரிசோதனை முடிவுகள், மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை ஆகியன அடுத்து வரவேண்டும்.

நிபுணரின் பதிலும் இவ்வாறே. நோய் யாது, எம்மருந்து ஏன் மாற்றப்பட்டது, தொடர்ந்து கவனிப்பவர் யார் என்பன அதில் இருத்தல் வேண்டும். ரமழான் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளிக்கு மருந்து வேளை மாற்றப்பட்டால் அதுவும் குறிக்கப்படல் அவசியம்.

நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு படிமுறையை, நோயாளியை ஒருவரிடமிருந்து மற்றவர் பொறுப்பேற்கும்போது கையாளலாம் என உலக சுகாதார நிறுவனம் 2007இல் எடுத்துரைத்தது. கடிதத்துக்கும் அது பொருந்தும்.

இத்திறன் தானாக வந்துவிடாது. ஓராண்டு உள்ளகப் பயிற்சியின்போது, இளம் வைத்தியர் எழுதும் கடிதங்களை மூத்தோர் வாசித்துத் திருத்துவது வழமையாக வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. மலையேறி இறங்கும் ஏழை நோயாளிக்கு இதனால் வரும் பயனோ பெரிது என்பதைப் பொறுப்பிலுள்ளோருக்கு வலியுறுத்த விரும்புகிறோம்.