மலையின் இரு சரிவும் ஒரு சட்டமும்: விடுதலைக்குப் பின் நாடகமும் அரசும்

போடிநாயக்கனூரை அடுத்து, ஏலமலையின் அடிவாரத்தே அமைந்த சிற்றூர் குரங்கணி. அதற்கு மேலுள்ள 'டாப் ஸ்டேஷன்' என்னும் முகட்டிலிருந்து மூணாற்றுத் தேயிலை கம்பிவழியே கொட்டகுடிக்கு இறக்கப்பெற்றுப் போடிக்குச் சென்ற காலம் ஒன்றிருந்தது. 1950-களின் தொடக்கத்தில் மலையின் இப்பக்கம் சென்னை மாநிலம், அப்பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. சரக்கும் உழைப்பும் இரு பக்கமும் சென்று வந்தன. இவ்விரு மாநிலங்களிலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நாடகமேடை அரசின் கட்டுப்பாட்டிற்கு உள்ளாயிற்று. அவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடுதலை பெற்ற அரசு, அயலார் நாடகத்தின்பால் கொண்டிருந்த அச்சத்தையும் மரபுரிமையாகப் பெற்றுக்கொண்டது என்பதே யாம் இங்கு நிறுவ முயலும் கருத்து.

அவ்வச்சத்தின் தோற்றத்தை முதற்கண் காண்போம். வங்கத்தில் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைத் தீனபந்து மித்திரர் 'நீல தர்ப்பணம்' (1860) என்னும் நாடகமாக்கினார். அசாம் தேயிலைத் தோட்டங்களின் நிலையைச் 'சாகர் தர்ப்பணம்' (1875) காட்டியது. வேல்சு இளவரசரின் வருகையை ஒட்டி எழுந்த எள்ளல் நாடகமொன்று கல்கத்தாவில் மேடையேறியபோது, ஆங்கில அரசு முதலில் அவசரச் சட்டமும், பின்னர் அதே 1876-ஆம் ஆண்டிலேயே நாடக நிகழ்ச்சிச் சட்டமும் பிறப்பித்தது. தேயிலைத் தோட்டக்காரரைக் குறைகூறும் நாடகம் அச்சட்டத்திற்குரிய காரணங்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டப்பெற்றது. ஆதலின், தோட்டத் தொழிலாளரின் துயரம் மேடையேறுதலைத் தடுக்கும் எண்ணம் அச்சட்டத்தின் கருவிலேயே இருந்தது எனலாம்.

இனி, மலையின் மேற்குச் சரிவு. தோப்பில் பாசி தலைமறைவாக இருந்த காலத்தில் 'சோமன்' என்னும் புனைபெயரில் எழுதிய 'நிங்ஙளென்னெக் கம்யூனிஸ்டாக்கி' என்னும் நாடகத்தைக் கேரள மக்கள் கலைக் கழகம் 1952 டிசம்பரில் மேடையேற்றியது. நிலைகுலைந்த பழங்குடும்பத்து முதியவர் ஒருவர், தாம் வெறுத்த செங்கொடியைத் தாமே கேட்டு வாங்கும் மனமாற்றமே அதன் கதை. 1953-இல் அது தடைசெய்யப்பட்டது. பின்னர் நீதிமன்றத்தின் வழி அத்தடை நீங்கிற்று. 1957-இல் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி தேர்தல் வழியே ஆட்சி அமைத்ததற்கு இந்நாடகமும் துணைநின்றது என்பர்.

கிழக்குச் சரிவில் நிகழ்ந்தது வேறு வகையினது. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இராமாயண நாடகத்தை எம். ஆர். இராதா நடித்து வந்த 1954-ஆம் ஆண்டில், சென்னை நாடக நிகழ்ச்சிச் சட்டம் இயற்றப்பெற்றது. வன்முறையால் அரசைக் கவிழ்க்கத் தூண்டுவன, சமய உணர்வைப் புண்படுத்துவன, ஆபாசமானவை முதலியவற்றைத் தடைசெய்யும் அதிகாரத்தை அஃது அரசிற்கு வழங்கியது. மேற்கே வர்க்கப் போராட்டம், கிழக்கே சமய மறுப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் தகுமோ என வினவலாம். பொருள் வேறுபடினும் கருவி ஒன்றே என்பது எம் விடை. அவையோர் கண்டு தீர்மானிக்க வேண்டியதை அலுவலர் முன்னரே தீர்மானிக்கும் முறை இரண்டிற்கும் பொது. பொது அமைதியைக் காத்தல் அரசின் கடமை என்பதை யாமும் மறுக்கவில்லை. ஆயின், நிகழ்ந்த குற்றத்தை ஒறுத்தல் வேறு. நிகழக்கூடும் என அஞ்சி வாயடைத்தல் வேறு.

இவ்வேறுபாட்டை நீதிமன்றமும் ஆராய நேர்ந்தது. இலக்னோவில் 1953-இல் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை மக்கள் நாடக மன்றத்தார் நடித்ததைப் பற்றி எழுந்த வழக்கில், 1876-ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்பு அளித்த பேச்சுரிமைக்கு முரணானது என அலகாபாத் உயர்நீதிமன்றம் 1956-இல் தீர்ப்பளித்தது.

இதே காலத்தில் நடுவணரசு சங்கீத நாடக அகாதமியை 1953-இலும், செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின்கீழ்ப் பாடல் நாடகப் பிரிவை 1954-இலும் நிறுவியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்ம பாணிச் சமுதாயமே குறிக்கோள் என உரைத்தது. திட்டங்களைப் புகழும் மேடைக்கு மானியம், அரசை வினவும் மேடைக்குத் தடை என்னும் இரட்டை நிலை இங்ஙனம் உருவாயிற்று. உழைப்பாளர் பெயரால் ஆளவந்த அரசு, உழைப்பாளர் தம் வாயால் மேடையில் பேசுவதை ஐயுற்றது இக்காலத்தின் பெருமுரண் ஆகும்.

அம்முரண் ஒரு கட்சியோடு முடிந்திருப்பின் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1967-இல் ஆட்சிக்கு வந்த திராவிட முன்னேற்றக் கழகம் நாடகமேடையில் வளர்ந்த இயக்கம். 'வேலைக்காரி', 'ஓர் இரவு' ஆகியவற்றை இயற்றிய அண்ணா முதலமைச்சரானார். 'தூக்குமேடை' எழுதிய மு. கருணாநிதி அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றார். எனினும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. பின்வந்த ஆட்சிகளும் அதனைத் தொடவில்லை. நாடக ஆசிரியர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் அதன் முதன்மையான பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்த பின்னரே அதன் வலிமை குன்றியது. 1876-ஆம் ஆண்டுச் சட்டமோ 2018 தொடக்கத்தில்தான் நாடாளுமன்றத்தால் முற்றிலும் நீக்கப்பெற்றது. நாடகத்தின் ஆற்றலை நேரில் அறிந்தோரே அதனைத் தடுக்கும் கருவியைக் கைவிடத் தயங்கினர் போலும்.

இதனால் ஆராய்ச்சியாளர்க்கு ஒரு கடமை எழுகின்றது. நம் நாடக வரலாறு பெரும்பாலும் ஆசிரியர், குழு, அச்சேறிய நூல் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பெறுகின்றது. அச்சேறாமல் மறைந்த நாடகங்கள் பல. அவற்றைப் பற்றிய தடையாணைகள், அனுமதி விண்ணப்பங்கள், காவல்துறைக்கு அளிக்கப்பெற்ற படிகள் ஆகியன மாவட்ட ஆவணங்களில் தேடப்பெறல் வேண்டும். மதுரை மாவட்டத்தின் பழைய எல்லைக்குள் அடங்கிய போடி, கம்பம் பகுதிகளில் அத்தேடலைத் தொடங்குதல் பொருத்தமாகும். குரங்கணி மலைவழியே இறங்கிய தேயிலைக்குக் கணக்கு வைத்தோர் உண்டு. அம்மலையில் உழைத்தோர் கண்டு களித்த கூத்திற்கும் நாடகத்திற்கும் கணக்கு எழுதுவது நம் துறையின் பணியாகும்.