இரட்டைக் கொம்பு பிறந்த கதை

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையில் செரப்பணஞ்சேரி என்று ஓர் ஊர் வரும். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அதிலுள்ள இரண்டு சகரங்களில் போய் நின்றுவிடும். தொடக்கத்தில் செ, ஒற்றைக் கொம்பு. முடிவில் சே, இரட்டைக் கொம்பு. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் யாராவது இந்தப் பெயரை ஓலையில் எழுதியிருந்தால் இரண்டு கொம்பும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். வேறுபாடு வாசிப்பவர் வாயில் மட்டுமே இருந்தது.

விதி இல்லாமல் இல்லை. எகரம், ஒகரம் குறிலானால் மேலே புள்ளி வேண்டும், புள்ளி இல்லாவிட்டால் நெடில் என்று தொல்காப்பியம் தொட்டே இலக்கணம் சொல்லி வந்திருக்கிறது. ஆனால் எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஏடு எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். கல்லில் வெட்டியவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். நம் பக்கத்து மணிமங்கலத்துக் கோயில்களில் இருக்கும் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் புள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விளைவு என்னவென்றால், ஏரியும் எரியும் ஏட்டில் ஒன்றாகிவிட்டன. தண்ணீரா, தீயா? முன்பின் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கொடு, கோடு, பெறு, பேறு, கெடு, கேடு எல்லாமே அப்படித்தான்.

தமிழிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது சிரமமில்லை. சொல்லை முன்பே அறிந்தவர் பாதி பார்த்ததும் மீதியைப் படித்துவிடுவார். முப்பது வயதில் வந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு அந்த வசதி ஏது?

அப்படி வந்தவர்தான் கான்ஸ்டான்சோ ஜுசெப்பே பெஸ்கி. 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியின் வடக்கே காஸ்திலியோனேயில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, கோவா வழியாக 1711இல் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு மார்ச்சில், உலகின் மறுபக்கத்தில், இன்றைய மெக்சிகோவின் சொனோரா பகுதியில் எயூசேபியோ கீனோ என்ற இன்னொரு வட இத்தாலியர், இன்னொரு இயேசு சபைத் துறவி, இறந்துபோனார். ஸ்பானியப் பேரரசின் எல்லையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குதிரையில் அலைந்து, கோதுமையையும் மாட்டு மந்தைகளையும் பரப்பி, கலிபோர்னியா தீவல்ல என்று வரைபடம் போட்டுக் காட்டியவர். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கீனோ நின்ற எல்லையில், அவருக்குப் பின்னால் ஒரு பேரரசும் அதன் கோட்டைகளும் இருந்தன. பெஸ்கி வந்த காவிரிக் கரைச் சீமையில் ஐரோப்பியப் படை எதுவும் அவருக்குக் காவல் நிற்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1693இல், அதே மதுரைத் தளத்தைச் சேர்ந்த அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்திருந்தார். இங்கே நடமாட ஒருவருக்கு இருந்த ஒரே துணை மொழிதான். நூறாண்டுக்கு முன் இயேசு சபைத் துறவி நொபிலி தொடங்கிய வழியில் பெஸ்கியும் துறவிக் கோலத்தில், மரக்கறி உணவோடு வாழ்ந்து, ஊர்ப் புலவர்களிடம் உட்கார்ந்து தமிழ் படித்தார். பெயரும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர்.

ஓலையும் எழுத்தாணியுமாகப் படித்த ஆண்டுகளில் அந்தக் கொம்பு அவரை எத்தனை முறை தடுக்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர் கண்ட வழி மிகச் சிறியது. புதிய எழுத்து எதையும் அவர் கொண்டுவரவில்லை. குறிலுக்குப் பழைய கொம்பை அப்படியே விட்டார். நெடிலுக்கு அதன் தலையைச் சுழித்தார். அவ்வளவுதான். குத்தினால் கிழிகிற ஓலையில் வளைத்தால் கிழியாது. எழுத்தாணியைத் தூக்கவும் வேண்டாம். புள்ளி தோற்ற இடத்தில் சுழி நின்றதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். ஓலையோடு பழகிய கைக்குத்தான் இது தோன்றும்.

பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணத்தில் இந்த முறையை அவர் விளக்கினார். 1730இல் எழுதிய தொன்னூல் விளக்கத்தில் நீட்டல், சுழித்தல் என்று அதற்குச் சூத்திரமே வகுத்தார். அதன்படி எகரத்தின் காலை நீட்டினால் ஏகாரம், ஒகரத்தைச் சுழித்தால் ஓகாரம்.

அந்த லத்தீன் இலக்கணம் அச்சேறிய இடம் தரங்கம்பாடி, ஆண்டு 1738. அங்கே அச்சகம் வைத்திருந்தவர்கள் லுத்தரன் மறைப்பணியாளர்கள். வீரமாமுனிவர் அவர்களை மறுத்து நூல்களே எழுதியவர். சமயத்தில் அவ்வளவு பகை. இருந்தும் அவருடைய இலக்கணம் இல்லாமல் அவர்களுக்கும் வேலை ஓடவில்லை, எடுத்து அச்சிட்டார்கள். மறுதரப்பின் கையால் வெளியான அந்தப் புத்தகத்தை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

ஏடுகள் உடனே மாறிவிடவில்லை. பழைய கை பழைய வழியிலேயே நெடுங்காலம் எழுதியது. அச்சு ஊரெல்லாம் பரவிய 19ஆம் நூற்றாண்டில்தான் இரட்டைக் கொம்பு நிலைத்தது. சேலையூர், மேடவாக்கம், வேங்கைவாசல், வேளச்சேரி என்று தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தாலும் இன்று அந்தச் சுழி இருக்கிறது. முதல் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் அதைப் போடும்போது நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்ளும். ஒற்றைக் கொம்பைவிட அது கடினம்.

1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலைகளில் அவருடையதும் உண்டு. சதுரகராதி தந்தவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டுபோனவர் என்பதற்கெல்லாம் சேர்த்து அது தகும். ஆனால் அவரை எண்ணும்போது எனக்கு முதலில் வருவது அவருடைய காப்பியம்தான். 3,615 பாடல்கள். அதன் பெயரை எழுதத் தொடங்கினாலே கை அந்தக் கொம்பைச் சுழித்தாக வேண்டும்: தேம்பாவணி.