கணக்கும் காதும்

பூங்காவனத் திருவிழாவன்று நள்ளிரவு கடந்தபின் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதியொன்றில் நின்றோர் ஒரு காட்சியை நன்கு அறிவர். நாதசுரம் சற்றே ஓய்ந்திருக்கும். தவில் இரண்டு ஒன்றுக்கொன்று மறுமொழி கூறி முழங்கும். மணலிற் சம்மணமிட்டிருக்கும் முதியவர் ஒருவர் கண்களை மூடியவாறு தொடையிலே தாளம் போடுவார். தீர்மானம் சமத்தில் வந்து விழும் கணத்தில் அவர் கையும் உடன் விழும். "உமக்குக் கணக்குத் தெரியுமோ?" என்று வினவினால், தெரியாதென்றே விடை பகர்வார். ஆயினும் தவிற்காரர் இம்மியளவு பிசகினும் முதலில் முகஞ்சுழிப்பவர் அவரே. லயம் கணக்கினால் அமைவதா, காதினால் அமைவதா என்னும் வினாவை அம்முதியவரை முன்னிறுத்தியே இன்று ஆராய விரும்புகின்றேன்.

முதலிற் கணக்கின் பெருமையைச் சொல்லிவிடுவோம். ஆதிதாளத்துக்கு எண்கள் எட்டு. எண்ணொன்றுக்கு நான்கு மாத்திரையாக ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்து, இடையிலே இரண்டு கார்வை விட்டுச் சமத்தை அடைய வேண்டுமாயின், சொல் 10 மாத்திரையும் கார்வை 1 மாத்திரையுமாக அமைக்கலாம். சொல் 8, கார்வை 4 என்றும் அமைக்கலாம். சொல் 6, கார்வை 7 என்றாலும் கூட்டுத்தொகை அதுவே. பாட்டின் எடுப்பு சமத்திலன்றி ஒன்றரை எண் தள்ளித் தொடங்குமாயின் 38 மாத்திரைக்குக் கணக்கிட்டு, சொல் 10, கார்வை 4 என வகுக்க வேண்டும். நடையைத் திஸ்ரமாக்கினால் 32 என்பது 24 ஆகும். கண்டமாக்கினால் 40 ஆகும். பள்ளிக்கூடத்து மாணவனும் தாளிலெழுதிச் சரிபார்க்கத்தக்க விடயமே இது.

ஆனால், தாள் ஒன்றை மட்டும் சொல்லாது. அந்த 32 மாத்திரையும் எவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும் என்பதே அது. தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு கூறப் புகுந்தபோது இமைப்பொழுதையும் விரல் நொடிப்பொழுதையுமே எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவில் மெல்ட்சல் என்பார் 1815இல் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவிக்கு உரிமை பெற்றதன் பின்னரே இசையின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை அடியென எண்ணாற் குறிக்கும் வழக்கம் அங்கே பரவியது. நம் மேளக்காரரோ எடுத்துக்கொண்ட வேகத்தைக் காலப்பிரமாணம் என்றனர். அதனை எண்ணால் எழுதி வைக்காது, செவியிலும் உடம்பிலும் பதித்து வைத்தனர். கணக்கு பிழையற்றதாயிருந்தும் காலப்பிரமாணம் ஓடிவிட்டால், கோர்வை எண்ணிக்கையில் முடியுமேயன்றிக் காதில் முடியாது.

இக்கலை தஞ்சைத் தரணியுடன் நெருங்கிய உறவு கொண்டது. அங்கிருந்து திருவிழாக் காலத்தில் வந்து வாசித்தோரும், வந்தவிடத்திலேயே குடியமர்ந்தோரும் பலர். இணுவில், அளவெட்டி முதலிய ஊர்கள் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர் பெற்றன. அம்மரபிலே வந்தவர்தாம், தமிழகத்தார் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்று கொண்டாடிய தவில் மேதை. 1933இல் தோன்றி 1975இல் மறைந்த அவர், நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையிடம் பயின்றவர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதும் பெற்றது. அவர் வாசிப்பிலே கணக்கு நிறைந்திருந்தது என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளைக் கேட்கும் எனக்கு வியப்பளிப்பது கணக்கன்று. எத்துணை விரைவான சொல்லிலும் காலப்பிரமாணம் நடுங்காத அந்த அமைதியே. கணக்கைப் பிறர் எழுதிக்கொண்டு போகலாம். இந்த அமைதியை எழுதிக்கொள்ள வழியில்லை.

இவ்விடத்தில் இன்றைய திருமண மண்டபங்களிலே காணும் வேறொரு தொழிலையும் நினைக்க வேண்டியுள்ளது. இரண்டு இசைத்தட்டுகளை இரு சுழல்மேசைகளிலிட்டு, ஒரு பாட்டு முடியுமுன் மற்றொன்றை அதன் தாளத்தோடு பொருத்தி, ஆடுவோர் கால் தடுமாறாமல் மாற்றிவிடுவோரை டீஜே என்கிறார்கள். நியூயோர்க் நகரில் 1960களின் பிற்பகுதியில் பிரான்சிஸ் கிராசோ இவ்வித்தையால் பெயர் பெற்றார். டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட சுழல்மேசையும், 1979இல் வந்த அதன் திருத்திய வடிவமும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் உதவின. இங்கும் கணக்குண்டு. நிமிடத்துக்கு 120 அடியுள்ள பாட்டை 126 அடியுள்ளதோடு சேர்க்க, வேகத்தை நூற்றுக்கு 5 பங்கு கூட்டவேண்டும். 33⅓ சுற்று ஓடும் தட்டு 35 சுற்று ஓட வேண்டும். அவ்வாறு செய்தும் நிமிடத்துக்குப் பத்திலொரு அடி வேற்றுமை தங்கிவிட்டால், ஒரு நிமிடத்தின் பின் இரண்டு முழவொலிகளும் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு விலகி நிற்கும். எண்ணிலே அற்பமான இவ்விலகல் செவிக்கு இரட்டை அடியாகக் கேட்கும். அப்போது கைவிரலால் தட்டை மெல்லத் தொட்டு நேர்செய்கின்றவனுக்குத் துணை அவன் காது ஒன்றே. இப்போது கணினியே வேகத்தை அளந்து பொருத்தித் தருகின்றது. அதனை நான் குறைகூறேன். ஆயின் ஒரே வேகத்தில் இயங்கும் பொறியின் தாளத்தைக் கணினி எளிதில் அளக்கும். மனிதர் மூச்சோடு அசையும் மேளத்தை அளக்கையில் இடர்ப்படும்.

சுருதியிலும் இவ்வழக்கு நிகழ்ந்ததே. விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நரம்புகளின் அளவைக் கணக்கினால் நிறுவ முயன்றார். அன்னாரும் கணக்கிட்ட யாழைக் காதினால் கேட்டு ஒப்புநோக்கவே அவாவினார் என்பது என் துணிபு.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 முதல் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே வெறுமையாயிற்று. வித்துவான்களும் மாணாக்கரும் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். கோர்வைக் கணக்குகளைக் குறிப்பேட்டில் எழுதிச் சுமந்து செல்ல முடிந்தது. இரவிரவாக நடக்கும் சமாவில், ஒரு தவில் விட்ட வேகத்தை மற்றத் தவில் ஏந்திக்கொள்ளும் அந்தக் கேள்விப் பயிற்சியைச் சுமந்து செல்ல முடியவில்லை. இன்று கொழும்பிலும் கனடாவிலும் தவில் பயிலும் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாகவே கிடைக்கின்றது. கேட்டிருக்கும் இரவுகள்தாம் கிடைப்பதரிது.

முன்னாளில் மேளக்காரர் வீட்டுச் சிறுவன் கூட்டத்தோடு செல்லத் தொடங்கும்போது அவன் கையிற் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் தவிலன்று, தாளம். விடியும்வரை கண்ணயராது அதைப் போட்டுக்கொண்டிருப்பதே அவன் பாடம். தாளம் சற்றே ஓடினால் தவிற்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், எண்ணொன்றும் சொல்லமாட்டார்.